கணினி எழவில்லையா? முதலில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பாருங்கள்



நேற்று இரவு வரை ஓடிய கணினி இன்று காலை பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை, பீப் சத்தமும் இல்லை. இப்படி ஆகும்போது நம் வீடுகளில் வரும் தீர்ப்பு பெரும்பாலும் "போர்டு போயிடுச்சு" என்பதுதான். பிறகு அந்தப் பெட்டி பரணுக்குப் போகிறது, இல்லையென்றால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகிறது. நமது அறக்கட்டளையின் படிப்பு மையத்தில் உள்ள ஆறு கணினிகளில் நான்கு இப்படித்தான் துணி போர்த்திக் கிடந்தன. ஒவ்வொன்றும் நல்ல மனம் கொண்ட ஒருவர் பிள்ளைகளுக்காகத் தந்தது. உதவித்தொகை விண்ணப்பம் போடும் காலத்தில் பிள்ளைகள் மிச்சமிருந்த இரண்டு கணினிகளுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். புதிதாக வாங்கிவிடலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. தானமாக வந்த பணம் அமானிதம். கிடப்பவற்றைப் பார்க்காமல் புதிதுக்குச் செலவிட மனம் ஒப்பவில்லை. கல்லூரிக் காலத்தில் ரேடியோப் பெட்டிகளைப் பிரித்து ஈயம் வைத்துப் பழகிய பழக்கம் நமக்கு உண்டு. அதை வைத்துப் பார்த்ததில் நான்கில் மூன்று எழுந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். மூன்றிலும் மதர்போர்டு நன்றாகவே இருந்தது.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் ஒருவன், வயது பதினாறு, இந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போய்த் தன் வீட்டுக் கணினியின் மின்பெட்டியைத் தானே திறந்திருக்கிறான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தான். ஆனாலும் உள்ளே விரல் பட்டதும் தூக்கி அடித்தது. அல்லாஹ் காப்பாற்றினான், சிறு காயத்தோடு போயிற்று. "கரண்டே இல்லாத பெட்டி எப்படி பாய் அடிக்கும்?" என்று அவன் தாயார் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் யாரும் அந்தப் பெட்டியின் திருகில் கை வைக்கக் கூடாது.

கணினியின் பின்புறம் மின்கம்பி சொருகும் இடத்தில், விசிறியோடு இருக்கும் தகரப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணினிக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரம். பழைய ரேடியோவின் எலிமினேட்டரில் இந்த வேலையை இரும்புக் கட்டை போன்ற டிரான்ஸ்பார்மர் செய்தது. ஒரு கணினிக்கு வேண்டிய சக்தியை அப்படித் தர முயன்றால் பெட்டியைத் தூக்கவே தனி ஆள் வேண்டும். ஆகவே இதில் வழி வேறு. வரும் 230 வோல்ட்டை முதலில் அப்படியே நேர்மின்சாரமாக மாற்றிவிடுகிறார்கள். மாறுமின்சாரத்தின் உச்சம் அதன் கணக்கு எண்ணைவிட 1.414 மடங்கு என்பதால், உள்ளே அது ஏறத்தாழ 325 வோல்ட்டாக நிற்கும். அதைப் பெரிய கண்டன்சர்கள் தேக்கி வைத்துக்கொள்கின்றன. பிறகு இரண்டு டிரான்சிஸ்டர்கள் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகின்றன. வெட்டும் வேகம் கூடினால் டிரான்ஸ்பார்மரின் அளவு குறையும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில் அந்தப் பெரிய கண்டன்சர்களில் இருக்கிறது. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டாலும் தொட்டி நிறைந்தேதான் இருக்கும். நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ். என்றால் குழாய் திறந்திருப்பது போல, பிளக்கைப் பிடுங்கியதும் தொட்டி விரைவில் காலியாகிவிடும். செத்த பெட்டியிலோ குழாய் மூடியே கிடக்கிறது. தேங்கிய 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். வடிப்பதற்கென்று சிறு ரெசிஸ்டர்கள் வைத்திருப்பார்கள். அவை மெதுவாக வடிக்கும், சில பெட்டிகளில் அவையே அறுந்திருக்கும். அதனால் ஓடுகிற பெட்டியைவிட ஓடாத பெட்டியிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

ஆனால் பெட்டியைத் திறக்காமலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அந்த வேலையை யாரும் செய்யலாம்.

முதலில் சுவர் பிளக்கில் வேறொரு விளக்கைச் சொருகிப் பாருங்கள். அடுத்து யூ.பி.எஸ். நம் நான்கு கணினிகளில் ஒன்றுக்கு நோய் யூ.பி.எஸ்ஸில்தான் இருந்தது, அதன் பேட்டரி காலம் முடிந்து, யூ.பி.எஸ். எதையும் வெளியே அனுப்பவில்லை. கணினியை நேரே சுவரில் சொருகியதும் எழுந்துவிட்டது. இதற்காகவா ஒன்றரை வருடம் துணி போர்த்தி வைத்தோம் என்று அங்கிருந்த எல்லோரும் சிரித்தோம். மின்கம்பியையும் மாற்றிப் பாருங்கள். பெட்டியின் பின்னால் சிறு சுவிட்ச் இருந்தால் அது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிவப்புத் தள்ளுசுவிட்ச் ஒன்று இருக்கும். அது எப்போதும் 230-ல்தான் நிற்க வேண்டும். துடைக்கும்போது 115-க்குத் தள்ளிவிட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளே வெடிச்சத்தம் கேட்கும்.

விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். பெரும்பாலும் ராம் அட்டையின் முனையில் அழுக்கு இருக்கும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு அட்டையை எடுத்து, பிள்ளைகளின் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துப் போட்டால் போதும்.

அடுத்தது ஜெம் கிளிப் சோதனை. இன்டெல் நிறுவனம் 1995-ல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைத்தான் இன்றுவரை பெரும்பாலான மேசைக் கணினிகள் பின்பற்றுகின்றன. அதன்படி பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு சேர்க்கிறது, அதுதான் எஸ்.எம்.பி.எஸ்ஸை எழுப்பும் கட்டளை. அந்தக் கட்டளையை நாமே கொடுத்துப் பார்க்கலாம். சுவரிலிருந்து மின்கம்பியை முழுதாகக் கழற்றுங்கள். மதர்போர்டில் சொருகியிருக்கும் 24 துளை உள்ள பெரிய இணைப்பை உருவுங்கள், மற்ற இணைப்புகளையும் எடுத்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கோ சி.டி. டிரைவோ ஒன்றை மட்டும் சுமையாக மாட்டி வையுங்கள்; சுமையே இல்லாமல் சில பெட்டிகள் சரியாக ஓடாது. ஒரு ஜெம் கிளிப்பை வளைத்து, ஒரு முனையைப் பச்சைக் கம்பியின் துளையிலும் மறுமுனையைப் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையிலும் செருகுங்கள். கையை எடுத்த பிறகு சுவர் சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்றினால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. சில கம்பெனிக் கணினிகளில் இணைப்பின் வடிவமே வேறு, சில பெட்டிகளில் எல்லாக் கம்பியும் கறுப்பு. அப்படிப்பட்டவற்றில் ஊகித்துக் கிளிப்பைச் செருக வேண்டாம்.

விசிறி சுற்றினால் மட்டும் நல்ல பெட்டி என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு நிறமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளில் 12 வோல்ட், 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்கலாம். சிவப்பில் 5, 4.75 முதல் 5.25 வரை சரி. ஆரஞ்சில் 3.3, 3.14 முதல் 3.47 வரை. எல்லாம் சரியாக இருந்தால் சாம்பல் கம்பியில் ஏறத்தாழ 5 வோல்ட் வரும். "நான் தயார்" என்று மதர்போர்டுக்குச் சொல்லும் கம்பி அது. விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டால், எங்கோ குறுக்குச்சுற்று இருப்பதை உணர்ந்து பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள்.

ஊதாக் கம்பிக்குத் தனி மரியாதை தர வேண்டும். கணினி அணைந்திருந்தாலும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை ஊதாவில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதைக் கவனிக்கவே அந்தச் சிறு மின்சாரம். அதாவது பெட்டிக்குள் ஒரு பகுதி இரவும் பகலும் தூங்காமல் வேலை செய்கிறது. விசிறி சுற்றாத நேரத்திலும் சூட்டில் வேலை செய்கிறது. முதலில் சாவதும் பல பெட்டிகளில் அந்தப் பகுதிதான். நம் மையத்தின் இரண்டாவது கணினியில் ஊதாவைத் தொட்டபோது மீட்டர் 3 வோல்ட்டைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்ததில், 1000 மைக்ரோஃபாரட் என்று எழுதிய இரண்டு கண்டன்சர்களின் தலை பூரி போல உப்பியிருந்தது.

இந்தச் சிறு கண்டன்சர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுதுகளில் பெரும்பங்கு இவற்றால்தான். அலுமினியத் தகட்டையும் காகிதத்தையும் பாய் போலச் சுருட்டி, ஒருவகைத் திரவத்தில் நனைத்து, சிறு அலுமினியக் குப்பியில் அடைத்ததுதான் இது. சூட்டில் அந்தத் திரவம் நாளாவட்டத்தில் வற்றும், அல்லது வாயுவாகி உள்ளிருந்து தள்ளும். குப்பி வெடிக்காமல் பிளந்து வழிவிடத்தான் தலையில் கீறல் போட்டிருக்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இதன் ஆயுள் இரு மடங்காகும் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. திண்டிவனம் பக்கத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, தூசி அடைத்த விசிறியோடு இருக்கும் பெட்டியின் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 2000-களின் தொடக்கத்தில் திரவக் கலவையே சரியில்லாத கண்டன்சர்கள் உலகச் சந்தையில் பரவி, பல கம்பெனிகளின் கணினிகள் ஒன்றிரண்டு ஆண்டிலேயே படுத்தன. டெல் நிறுவனம் அந்தப் பழுதுகளைச் சரிசெய்ய 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. சில ரூபாய்ச் சாமான் அது!

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதே அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது. உடம்பில் 105 டிகிரி என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். 85 என்று எழுதியது மலிவு, ஆனால் இந்தச் சூட்டுக்கு நிற்காது. குப்பியின் பக்கத்தில் வெள்ளைக் கோடு உள்ள கால் மைனஸ். திருப்பிப் போட்டால் வெடிக்கும். பழையதைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது. மேல்சித்தாமூரிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் வேலை போய்விடும் என்பதால், வேறொரு செத்த பெட்டியில் தலை உப்பாமல் இருக்கும் கண்டன்சரைக் கழற்றிப் போடலாமே என்று தோன்றும். அதுவும் அதே சூட்டில் வெந்ததுதான். வேறு யாராவது சென்னைக்குப் போகும்போது சொல்லிவிடுவதே மேல்.

மூன்றாவது கணினியின் கதை வேறு. அது ஒரு மாலை நேரத்தில் தெருவில் உள்ள பல வீடுகளின் டி.வி., பல்புகளோடு சேர்ந்து செத்தது. கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் இப்படி ஆகும். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் நியூட்ரல் என்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான திரும்பு வழி. அது அறுந்ததும் ஒரு ஃபேஸிலிருக்கும் வீடுகளும் அடுத்த ஃபேஸிலிருக்கும் வீடுகளும் ஒன்றுக்கொன்று தொடராக மாட்டிக்கொள்கின்றன. இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட் இருக்கிறது. அதிலே குறைவாகச் சாமான் ஓடும் வீட்டுக்குத்தான் அதிக வோல்ட் போகும். பல்புகள் திடீரென்று கண்ணைப் பறிக்கும்படி எரிந்தால் உடனே மெயினை அணையுங்கள். ஒரே நேரத்தில் பல வீட்டுச் சாமான்கள் போனால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். கம்பி சரியாகும் முன் புதுச் சாமான் மாட்டினால் அதுவும் போகும்.

அந்தப் பெட்டியில் கண்ணாடி ஃபியூஸ் எரிந்து கறுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற நீல வட்டு ஒன்று பிளந்து கிடந்தது. எம்.ஓ.வி. என்பார்கள். வோல்ட் எல்லை மீறினால் அது தன்னைக் கொடுத்து, ஃபியூஸை எரித்து, மற்றவற்றைக் காக்கும். பின்னால் இருக்கும் டயோடுகளையும் டிரான்சிஸ்டர்களையும் மீட்டரில் பார்த்தோம், நன்றாக இருந்தன. ஃபியூஸையும் வட்டையும் உடம்பில் எழுதியிருந்த அதே எண்ணில் வாங்கிப் போட்டதும் ஓடியது. ஃபியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவது சிலருடைய வழக்கம். அடுத்த முறை தீப்பிடிக்க அதைவிட வேறு ஏற்பாடு வேண்டாம்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. மின்கம்பியை முழுதாக உருவிவிட்டுக் குறைந்தது கால் மணி நேரம் விடுங்கள். காலில் ரப்பர் செருப்பு, தரை உலர்ந்திருக்க வேண்டும், கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், சிறு பிள்ளைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. நான்கு திருகைக் கழற்றி மூடியை எடுத்ததும் எதையும் தொடாமல், மீட்டரை நேர்மின்சாரம் 1000 வோல்ட்டில் வைத்து, பெரிய கண்டன்சர்கள் ஒவ்வொன்றின் இரு கால்களிலும் அளந்து பாருங்கள். மீட்டரின் கம்பியில் வெடிப்பு இருக்கக் கூடாது. ஒரு கையால் மட்டும் வேலை செய்து மறு கையைப் பின்னால் கட்டிக்கொள்வது பழைய ரேடியோக்காரர்களின் பாடம். மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போகாமல் இருக்க அது. பத்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஹோல்டரில் மாட்டிய 40 வாட் குண்டு பல்பின் இரு கம்பிகளையும் கண்டன்சரின் கால்களில் சில நொடி வைத்து வடித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பொறி பறக்க வடிப்பது வேண்டாம்.

வேலை முடிந்து முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன்களிடம் இருக்குமே, 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டிய பலகை, அதுதான். பல்பு ஒரு முறை மின்னி மங்கிவிட்டால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே இன்னும் குறுக்குச்சுற்று இருக்கிறது, அணைத்துவிடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை, கிடைத்தால் ஒன்று வாங்கி வையுங்கள்.

நான்காவது பெட்டியில் 13007 என்ற எண் கொண்ட இரண்டு டிரான்சிஸ்டர்களும் போயிருந்தன. அவை போகும்போது சுற்றியுள்ள சிறு ரெசிஸ்டர்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று எரியும். நம் அபிப்பிராயத்தில் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதே புத்தி. புதிய சாதாரண எஸ்.எம்.பி.எஸ். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் விசிறியையும் கம்பிகளையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். உள்ளே பல்லி கருகிக் கிடந்தால், கரியைச் சுத்தம் செய்து ஃபியூஸை மாற்றிப் பார்க்கலாம், பிழைத்தாலும் பிழைக்கும். வெள்ளத்தில் மூழ்கிய பெட்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் கணினியைக் காயவைத்து, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் காப்பாற்றப் பார்க்கலாம். சேற்றுநீர் புகுந்த எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் மறுபடி மின்சாரத்தில் மாட்ட வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் சுருளுக்குள் தங்கிய ஈரமும் உப்பும் வெளியே தெரியாது.

ஈயம் வைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். செப்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துவதை நம் தெருப் பிள்ளைகள் சிலர் செய்கிறார்கள். அந்தப் புகை நஞ்சு, பெற்றோர் தடுக்க வேண்டும். இப்படிப்பட்ட மின்கழிவுகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் சொல்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. தேறாத பெட்டிகளை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுங்கள். சேர்ந்தவுடன் மொத்தமாக அனுப்பிவைக்கிறோம்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு படிப்பு மையத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். எழாத கணினியை அப்படியே கொண்டுவரலாம், எந்தச் சமூகத்தவரும் கொண்டுவரலாம். சாமானுக்கு ஆகும் காசு மட்டும் போதும். ஆர்வமுள்ள பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மையத்தில் இரண்டு மல்டிமீட்டர் உண்டு. அதில் ஒன்றைப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும்.